இடது கால் 790

சுவரோடு முதுகை ஒட்டி, வெறுங்காலில் நிற்க வேண்டும். தொடைகளுக்கு நடுவே ஸ்பிரிட் லெவலை வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அந்த அளவுக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். குமிழி நடுவுக்கு வந்ததும் லெவலின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை டேப் பிடித்தால் காலின் உள்ளளவு கிடைக்கும். சைக்கிள் ஃபிரேம் வரையும்போது நான் முதலில் எடுப்பது இந்த அளவைத்தான். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்பும். என் அக்காவின் கணவருக்கு எடுத்தபோது வலது கால் 812 மில்லிமீட்டர் வந்தது. பிறகு இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை அவருடைய இடது பாதத்துக்கு அடியில் பிளைவுட் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சொருகினேன். 22 மில்லிமீட்டரில் மட்டம் வந்தது. பேப்பரில் எழுதிக்கொண்டேன்: இடது கால் 790.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவிநாசி ரோட்டில், மழை நேரத்தில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தவர் அவர். தொடையெலும்பு உடைந்து, கூடியபோது குட்டையாகக் கூடிவிட்டது. அன்றிலிருந்து நடையில் ஒரு சாய்வு. இருட்டில் தெருமுனை திரும்பி யாராவது வந்தால், அந்தச் சாய்வை வைத்தே மாமா வருகிறார் என்று தெரிந்துகொள்வோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டார். கடையில் வாங்கிய சைக்கிள் அரை மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்தது. "நீங்கதான் கம்ப்யூட்டர்ல எதையெதையோ வரையறீங்களே, எனக்கு ஒரு சைக்கிள் வரைஞ்சு குடுங்க மாப்ள" என்று வந்து நின்றார்.

அளவெடுத்து முடித்து நான் நிமிர்ந்தபோதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்க ஞாயித்துக்கிழமை வகுப்புல, உசுருக்கு ஏத்த மாதிரி பார்த்துத்தான் கடவுள் உடம்பக் குடுக்கறாருன்னு சொல்றாங்கல்ல?"

"ஆமாங்க மாமா."

"அப்ப என்ற அளவ எடுத்தது யாருங்க மாப்ள?"

கிண்டலுக்குக் கேட்கவில்லை. பிளைவுட் துண்டுகளின் மேல் ஒரு காலை வைத்தபடி, சுவரில் சாய்ந்துகொண்டு, பதில் வரும் என்று நம்பி என் முகத்தையே பார்த்தார்.

நான் கோவை கணபதியில் பம்ப் வார்ப்புகளுக்குப் பேட்டர்ன் செய்யும் ஒரு பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைவ சித்தாந்த வகுப்பு. இரண்டையும் வெவ்வேறு அறைகளில் வைத்துப் பூட்டியிருந்தவன். மாமாவின் கேள்வி நடுச்சுவரை இடித்துவிட்டது.

வகுப்பில் சொல்லித்தருவது இது: உயிருக்கு இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கைக் கொடுக்கிறான். உடம்பு, மனம் முதலான கருவிகள், வாழ்வதற்கான உலகம், அதில் நுகரும் அனுபவம். அந்தந்த உயிரின் வினைக்கு ஏற்றபடி இந்த நான்கும் கூட்டப்படுகின்றன. கொடுப்பது தண்டிப்பதற்காக அல்ல. ஆணவம் என்னும் இருட்டில் கிடக்கிற உயிருக்கு வழி தெரியட்டும் என்றுதான். விடியும்வரை ஏற்றி வைக்கும் விளக்கு என்று உமாபதி சிவம் திருவருட்பயனில் இதற்கு உவமை சொல்கிறார். பரீட்சையில் இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் அந்த மாலையில் "முன்வினை மாமா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவருடைய காலடியில் குனிந்து உட்கார்ந்து, டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. கோட்பாடாக அது சரியாகவே இருக்கலாம். நொண்டுகிற மனிதரிடம் நொண்டாத மனிதன் சொன்னால் அது வேறொன்றாகிவிடுகிறது. "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றேன். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் யோசித்தது முழுவதும் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால்தான் நடந்தது.

பட்டறையில் நாங்கள் பயன்படுத்துவது சாலிட்வொர்க்ஸ். சைக்கிளுக்கு பைக்கேட் என்று தனியாக ஒரு மென்பொருள் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த பிரெண்ட் கரி உருவாக்கியது. அதன் இலவசப் பதிப்பை இணையத்திலேயே திறந்து வரையலாம். ஃபிரேமின் ஒவ்வொரு குழாயின் நீளம், கோணம், விட்டம் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். ஒரு எண்ணை மாற்றினால் மொத்தப் படமும் அசைந்து கொடுக்கும். முதல் நாள் எனக்கு அந்த அசைவே பாடமாக இருந்தது. சீட் குழாய் நேராக நிற்பதில்லை, 73 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் சீட்டை 10 மில்லிமீட்டர் உயர்த்தினால் அது 3 மில்லிமீட்டர் பின்னாலும் போய்விடும். பின்னால் போனால் ஹேண்டில் பார் எட்டாது. எட்டுவதற்காக அதைக் கிட்டே கொண்டுவந்தால் முதுகின் வளைவு மாறும். ஓர் அளவைத் தனியாகத் திருத்த முடியாது. உடம்பும் அப்படித்தான் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சீட் உயரத்துக்கு ஒரு பெயர்பெற்ற கணக்கு உண்டு. காலின் உள்ளளவை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் சுழலும் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று கிடைக்கும். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமார் வழியாக வந்து, அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டால் உலகம் முழுக்கப் பரவியது. 1967-ல் இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் இருவரும் வேறு வழியில் போய், பெடலிலிருந்து சீட்வரை உள்ளளவில் 109 சதவீதம் என்றார்கள். மாமாவின் வலது காலுக்கு இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 170 மில்லிமீட்டர் கிராங்கைச் சேர்த்தால் இரண்டுக்கும் இரண்டே மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

பிறகு இடது காலுக்குப் போட்டேன். வலது கால் 717 கேட்கிறது, இடது கால் 698 கேட்கிறது. ஒரே மனிதருக்கு இரண்டு சீட் உயரம். சைக்கிளுக்கோ ஒரு சீட்.

அந்த லெமாண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1986-ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தவர், 1987-ல் வேட்டைக்குப் போன இடத்தில் தவறுதலாகச் சுடப்பட்டார். சுட்டவர் அவருடைய மைத்துனர். சிதறிய ஈயக் குண்டுகள் பலவற்றை வெளியே எடுக்க முடியவில்லை, இதயத்தின் உறையில் தங்கியவையும் உண்டு. அவற்றை உள்ளே வைத்துக்கொண்டே 1989-ல் மறுபடியும் ஜெயித்தார், வெறும் 8 விநாடி வித்தியாசத்தில். அடுத்த வருஷம் இன்னொரு முறை. கணக்குக்குப் பெயர் கொடுத்தவரின் உடம்பே எந்தக் கணக்குக்கும் வராத ஒன்றைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. மாமாவிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "அவருக்கு எந்தப் பக்கம் வலிச்சுதாமா?" என்று கேட்டார்.

என் தலைமுறைக்கு சைக்கிள் என்றால் உடம்புதான் அதற்கு ஏற்றபடி வளைய வேண்டும். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. 24 இஞ்ச் ஃபிரேம், அப்பாவின் உயரத்துக்கு வாங்கியது. அன்னூர் பக்கத்து மண் பாதையில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் குரங்கு பெடலில்தான். பாருக்கு அடியில், முக்கோணத்துக்குள் வலது காலை விட்டு, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, தலையை இன்னொரு பக்கம் சாய்த்து அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதிப்பது. எந்த மென்பொருளும் அந்த நிலையை ஏற்காது. ஆனால் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் ஓட்டியதில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் கால் நீண்டு சீட்டுக்கு ஏறிவிட்டோம். வளர்கிற உடம்புக்கு அந்தச் சலுகை உண்டு. அறுபதை நெருங்கியவருக்கு ஃபிரேம்தான் வளைந்து கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்த வரைபடம்.

ஃபிரேமை முடித்தேன். மாமாவின் முதுகு குனிய மறுக்கிறது. அதனால் ஹேண்டில் பார் ஏறும் இடத்தை உயரமாகவும் கிட்டத்திலும் வைத்தேன். கிராங்க் அச்சிலிருந்து மேலே 570, முன்னால் 372. முன் ஃபோர்க் 72 டிகிரி, அதன் வளைவு 45. அந்தக் கோணத்தில் ட்ரெயில் 63 வருகிறது. ஹேண்டில் திரும்பும் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம்தான் ட்ரெயில். அது 63 என்றால் வண்டி கையை உதறாமல் நிதானமாகப் போகும். குழாய்களை வரவழைத்து, பட்டறை நண்பர் ஒருவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து டிக் வெல்டிங் வைத்துக் கொடுத்தார்.

காலுக்கு நான் செய்தது மிக எளிது, மிகத் தெளிவு, முழுத் தவறு. இடது கால் 22 குறைவு, எனவே இடது ஷூவுக்கு 22 சேர்க்க வேண்டும். காந்திபுரத்தில் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் போய், ஷூவின் அடியில் 4 மில்லிமீட்டர் ஷீட் ஐந்தும் 2 மில்லிமீட்டர் ஷீட் ஒன்றும் அடுக்கி ஒட்டச் சொன்னேன். சீட்டை 717-ல் நிறுத்தினேன். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி மாமாவை மிதிக்க வைத்து, பெடல் கீழே வந்த நிலையில் முழங்கால் மடிப்பை அளந்தேன். 25-லிருந்து 35 டிகிரிக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். வலது 30, இடது 30. திரையில் இருந்த உருவமும் ஸ்டாண்டில் இருந்த மனிதரும் அச்சு அசலாக ஒன்று. அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம்.

மூன்றாம் நாள் மாமாவால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. வலது இடுப்பில் வலி, இடது தோள்பட்டை வரை இழுக்கிறது.

என்ன தவறு என்று தேடி மறுபடியும் ஸ்டாண்டில் ஏற்றி, இந்த முறை பின்னாலிருந்து பார்த்தேன். முதல் முறை பக்கவாட்டிலிருந்தே பார்த்திருந்தேன், மென்பொருளில் சைக்கிள் தெரியும் பக்கம் அதுதானே. பின்னாலிருந்து பார்த்தபோது அவருடைய முதுகெலும்பு ஓர் ஆற்றைப் போல மெல்ல இடம் போய் வலம் திரும்பியது. பத்தொன்பது வருஷமாக அந்தக் குட்டைக் காலோடு நடப்பதற்கு இடுப்பு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது, முதுகு அதை ஈடுகட்டத் திரும்பியிருக்கிறது, தோள் அதையும் ஈடுகட்ட ஏறியிருக்கிறது. யாரிடமும் கேட்காமல், எந்த டேப்பும் இல்லாமல், உடம்பு தன் கணக்கைத் தானே போட்டு முடித்திருந்தது. நான் போய் 22 மில்லிமீட்டரை அதன் அடியில் சொருகி அந்தப் பத்தொன்பது வருஷ வேலையைக் கலைத்துவிட்டேன்.

இந்த வேலையில் தேர்ந்தவர்கள் குறையை முழுதாக நிரப்ப மாட்டார்கள், பாதிக்குக் கிட்டத்தில் தொடங்கி உடம்பைக் கேட்டுக் கேட்டுப் போவார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். மறுபடியும் காந்திபுரம். செருப்புத் தைப்பவர் ஒரு ஷீட்டைக் கத்தியால் நெம்பி உரித்தார். 18. ஒரு வாரம் ஓட்டம். வலி குறைந்தது, போகவில்லை. இன்னொரு ஷீட். 14. தோள் விட்டது. இன்னொன்று. 10. அன்று மாமா பேரூர் ரோட்டில் மாதம்பட்டி வரை போய்த் திரும்பி வந்து, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் டீ கேட்டார். சீட் உயரம் 711-ல் நின்றது. முழங்கால்கள் வலது 33, இடது 27. இரண்டும் எல்லைக்குள்தான், ஆனால் ஒன்றில்லை. செருப்புத் தைப்பவர் உரித்த ஷீட்டுகளை எறியாமல் ஒரு நூலில் கட்டி என்னிடம் கொடுத்தார். "மறுபடி வேணும்னாலும் வேணுங்க. கால் மாறும்" என்றார்.

மாமாவின் கேள்விக்கு அங்கேதான் எனக்கு ஒரு வழி தெரிந்தது. அளவெடுப்பது என்றால் என்ன என்பதையே நான் தவறாக வைத்திருந்தேன். வலது காலைச் சரியான கால் என்று எடுத்துக்கொண்டு, இடது காலை அதில் 22 குறைந்த கால் என்று எழுதினேன். அப்படி எழுதச் சொன்னது யார்?

பட்டறையில் மரப் பேட்டர்ன் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், ஸ்தபதி மரபில் வந்தவர். பேட்டர்ன் பட்டறையில் ஸ்கேலே வேறு: வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும், அதனால் எங்கள் ஸ்கேலில் ஒரு மீட்டர் அந்த அளவுக்கு நீளம் கூடுதல். அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் அங்குலம் மூன்று வகை என்றார். எட்டு யவம், அதாவது எட்டு வாற்கோதுமை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் மானாங்குலம், அது எல்லோருக்கும் பொது. வேலை செய்விக்கிறவருடைய விரலிலிருந்து எடுக்கும் மாத்ராங்குலம். மூன்றாவது தேகலப்தாங்குலம். சிலையின் மொத்த உயரத்தை, உத்தம தசதாளம் என்னும் அளவுமுறை என்றால் 124 பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கையே அந்தச் சிலைக்கு அங்குலமாக வைத்துக்கொள்வது. முகம் இத்தனை, கை இத்தனை, பாதம் இத்தனை என்பதெல்லாம் அந்த அங்குலத்தில்தான். வெளியிலிருந்து கொண்டுவந்த கோல் அங்கே செல்லாது. அளவுகோல் அந்தத் தேகத்திலிருந்தே கிடைத்தது, சொல்லே அதுதான்.

மில்லிமீட்டர் எங்கள் மானாங்குலம். குழாய் அறுக்க அது வேண்டும். ஆனால் மாமாவுக்குச் சரியான 10 என்ற எண் பிளைவுட் துண்டிலிருந்து வரவில்லை, 0.883-லிருந்தும் வரவில்லை. அவர் உடம்பிலிருந்து, அவர் ஓட்டிய தூரத்திலிருந்து, வலியும் வலி நின்றதுமாக வந்தது. உயிருக்கு ஏற்ற உடம்பு என்று வகுப்பில் கேட்டபோது, எங்கோ ஒரு தையற்கடையில் முன்கூட்டியே அளவெடுத்துத் தைத்து மாட்டிவிட்டதைப் போலவே நினைத்திருந்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்துக் கேட்டார். சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. உயிர் அனுபவத்தில் பழுத்துப் பக்குவமாகிறது, அந்தப் பக்குவத்துக்குத் தக்கபடியே அருள் நடக்கிறது என்கிறது. அப்படியென்றால் அளவு எடுத்து முடிந்துவிடவில்லை. விபத்தில் விழுந்த நாளோடும் முடியவில்லை. இடுப்பு தாழ்ந்து, முதுகு திரும்பி, தோள் ஏறிய அந்தப் பத்தொன்பது வருஷமும் அளவெடுப்புதான் என்று நான் நம்புகிறேன். அவரை விழவைத்ததில் இறைவனைப் பார்க்க என்னால் முடியவில்லை. விழுந்த பிறகு யாருக்கும் தெரியாமல் அந்த முதுகை வளைத்து அவரை நடக்க வைத்த வேலையில் பார்க்க முடிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்த மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உயிர் என்று ஒன்று உடம்புக்கு வேறாக உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறார். அதில் ஒன்று, நாம் "எனது உடல்" என்று சொல்வது. எனது வீடு என்கிறவன் வீடு இல்லை, எனது உடல் என்கிறவன் உடல் இல்லை. அதே சூத்திரத்தில் உடம்பை இயந்திரம் என்றே அழைக்கிறார். படம் வரைந்து பிழைக்கிறவனுக்கு அந்தச் சொல்லைக் கடந்து போக முடியாது.

மாமா பேச்சை இந்தக் கண்ணோடு கவனித்தேன். வலி இருந்த நாட்களில் அவர் "என்ற கால்" என்றுகூடச் சொல்லவில்லை, "இந்தக் கால்" என்றார். "இந்தக் கால் வரமாட்டேங்குது" என்பார், அடங்காத மாட்டைச் சொல்வதுபோல. 10-க்கு வந்த பிறகு பேச்சிலிருந்து கால் காணாமல் போயிற்று. சைக்கிளும் காணாமல் போயிற்று. "மேட்டுல ஏறிட்டேன் மாப்ள", "லாரி வந்துது, ஒதுங்கிட்டேன்". ஏறியது கால், ஒதுங்கியது சைக்கிள், ஆனால் சொல் "நான்". பளிங்கு பக்கத்தில் வைத்த பொருளின் நிறத்தை வாங்கிக்கொள்வதுபோல உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்று வகுப்பில் நூறு முறை கேட்டிருக்கிறேன். உடம்பைச் சார்ந்து உடம்பாகவே நிற்கும், இறைவனைச் சார்ந்தால் அவன் வண்ணமாகும். உயிரின் அந்தச் சுபாவத்தை மாதம்பட்டி ரோட்டில், ஒரு டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம்தான் நேரில் பார்த்தேன். பொருந்தாதபோது உடம்பு வேறு என்று தெரிகிறது, பொருந்தும்போது தெரியாமல் போகிறது. எது ஞானத்துக்குக் கிட்டே என்று கேட்டால் என் மனம் பொருத்தத்தின் பக்கமே சாய்கிறது. வலிக்கிற காலோடு இருக்கிறவனுக்குக் காலைத் தவிர வேறொன்றை நினைக்க நேரம் ஏது?

மார்கழியில் இருவரும் விடியற்காலையில் பேரூர் வரை சைக்கிளில் போனோம். பட்டீசுவரரைப் பார்த்துவிட்டுக் கனகசபையில் நடராஜர் முன்னால் நின்றோம். ஊன்றிய வலது பாதத்தில் மறைத்தல், தூக்கிய இடது பாதத்தில் முத்தி என்று உண்மை விளக்கம் என்னும் நூல் சொல்வதை மாமாவுக்குச் சொன்னேன். இரண்டு காலுக்கும் இரண்டு வேலை. அவர் அந்தத் தூக்கிய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேள்விக்கு நான் கண்டதை அங்கே வைத்துத்தான் சொன்னேன், அளவு எடுத்து முடியவில்லை மாமா என்று. "செரி" என்றார். ஒப்புக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து ஷூ மாட்டும்போது இடது ஷூவைத் திருப்பி அடியில் இருந்த அடுக்கை விரலால் தடவிப் பார்த்தார்.

போன ஞாயிறு வீட்டுக்கு வந்தார். எடை நாலு கிலோ இறங்கியிருக்கிறது, முதுகு முன்னைவிடக் குனிகிறது, ஆனால் ஒரு வாரமாக இடது முழங்காலுக்குப் பின்னால் ஏதோ இழுக்கிறதாம். அலமாரியைத் திறந்து, நூலில் கட்டிய ஷீட்டுகளையும் ஸ்பிரிட் லெவலையும் எடுத்து வைத்தேன். பழைய ஃபைலைத் திறந்து இடது கால் கட்டத்தில் இருந்த 790-ஐ அழித்தேன். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.